நுங்கம்பாக்கத்துக் கணிதத் துறை

1957-இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணிதப் பிரிவில் மெட்ராஸ் இளைஞர்கள் மூவர் ஒன்றாகச் சேர்ந்தார்கள். சி.பி. ராமானுஜம், ராகவன் நரசிம்மன், எஸ். ரமணன். இவர்களில் முதல் இருவரும் நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் படித்தவர்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1953-இல், அதே லயோலாவில் ஆனர்ஸ் முடித்த கையோடு எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியக் கணிதத்தின் முன்வரிசை என்று யார் பட்டியல் போட்டாலும் இந்த நால்வரின் பெயரும் அதில் இருக்கும். நால்வரும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில், ஒரே கல்லூரியின் ஒரே துறையிலிருந்து வந்தவர்கள்.

அந்தத் துறை ஆராய்ச்சித் துறையன்று. பாடம் நடத்தவும், மாணவர்களைப் பல்கலைக்கழகப் பரீட்சைக்குத் தயார் செய்யவும் ஏற்பட்டது. சொந்தமாகப் பட்டம் தரும் உரிமை கல்லூரிக்குக் கிடையாது. எதை நடத்துவது, எந்த வரிசையில் நடத்துவது, எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண் என்பதையெல்லாம் தீர்மானித்தது சேப்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் பல்கலைக்கழகம். 1857-இல் பல்கலைக்கழகம் ஏற்பட்ட நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. இணைப்புக் கல்லூரிகள் மாணவர்களை உருவாக்கும். பல்கலைக்கழகம் அவர்களைப் பரீட்சித்து வரிசைப்படுத்தும்.

அந்தப் பரீட்சையின் மகிமையை ஸ்ரீனிவாச ராமானுஜனிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்றவற்றில் கவனம் செலுத்தாமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு மெட்ராஸ் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தேறவில்லை. அதே பல்கலைக்கழகம் 1913-இல் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து அவரை ஆராய்ச்சி மாணவராக ஏற்றுக்கொண்டது. அதற்கு முதலில் கேம்பிரிட்ஜிலிருந்து கணிதவியலாளர் ஹார்டியின் கடிதம் வந்தாக வேண்டியிருந்தது.

மெட்ராஸ் கணிதப் பாடத்திட்டத்தின் பூர்வீகமும் கேம்பிரிட்ஜ்தான். அங்கே டிரைபாஸ் என்று ஒரு பரீட்சை. அதில் முதலிடம் பெறுபவர் சீனியர் ராங்க்ளர். 1899-இல் புனேக்காரரான ஆர்.பி. பராஞ்சபே அந்த இடத்தை எட்டியபோது இந்தியா முழுவதும் அது செய்தியானது. டிரைபாஸ் வேகத்தைச் சோதித்தது: தந்திரமான கணக்குகளைக் குறைந்த நேரத்தில் போட்டுத் தள்ள வேண்டும். ஐரோப்பாவில் கணிதம் எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதற்கும் அந்தக் கணக்குகளுக்கும் தூரம் அதிகம். ஹார்டியே அதைக் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் 1909-இல் கேம்பிரிட்ஜ் தரவரிசையை வெளியிடுவதை நிறுத்திவிட்டது. மூலத்தில் கைவிட்டதை நகல் விடவில்லை. லோனி எழுதிய திரிகோணமிதி, இயக்கவியல் பாடநூல்கள் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் நம் ஊர் மாணவர்களின் கைகளில் தேய்ந்தன. ராங்க் எடுத்தவர் பெயர் பத்திரிகையில் வந்தது.

இத்தனை இறுக்கத்திலும் மெட்ராஸ் கணிதம் வறண்டு கிடக்கவில்லை; இதை அழுத்திச் சொல்ல வேண்டும். லயோலாவின் கதையைச் சொல்பவர்கள் சில சமயம் அதற்கு முன்னால் இங்கே ஒன்றுமே இல்லாததுபோல எழுதிவிடுகிறார்கள். பிரசிடென்சி கல்லூரியில் கே. ஆனந்த ராவ் இருந்தார். ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த அதே ஆண்டுகளில் அங்கே கிங்ஸ் கல்லூரியில் படித்து, ஹார்டியின் பாணியில் தேர்ந்து, 1919-இல் திரும்பிவந்தவர். டி. விஜயராகவன், எஸ்.எஸ். பிள்ளை, சி.டி. ராஜகோபால், கே. சந்திரசேகரன் என்று அவர் நிழலில் வளர்ந்தவர்களைக் கொண்டே தனியாக ஒரு வரலாறு எழுதலாம். பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணிதத் துறையில் ஆர். வைத்தியநாதசுவாமி இருந்தார். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்றவர். இடவியல் என்ற துறையில் நம் நாட்டிலிருந்து வந்த முதல் சில புத்தகங்களில் ஒன்று, 1947-இல் வெளிவந்த அவருடைய நூல்.

ஊருக்கு வெளியேயும் ஆட்கள் இருந்தார்கள். செங்கோட்டைக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்த எஸ்.எஸ். பிள்ளை, சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்துகொண்டே எண் கோட்பாட்டின் வாரிங் சிக்கலில் உலகம் கவனிக்கும் முடிவுகளை 1930-களின் நடுவில் கண்டார். 1950 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டவர் கெய்ரோவுக்கு அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். சி.டி. ராஜகோபால் இருபது ஆண்டுகள் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். ஆனந்த ராவிடம் கற்ற தொடர்களின் கோட்பாட்டோடு நிற்காமல், பை எண்ணுக்கான தொடரைக் கேரளத்து வானியலாளர்கள் ஐரோப்பாவுக்கு முன்பே கண்டிருந்தார்கள் என்பதை மூலநூல்களைக் கொண்டு நிறுவும் கட்டுரைகளையும் எழுதினார்.   

ஆனாலும் ஒரு குறை இருந்தது. ஆனந்த ராவின் மரபு ஹார்டியின் மரபு. எண் கோட்பாடும் தொடர்களும் அதன் உயிர். அந்தப் பாதையில் போனவர்கள் ஆழமாகப் போனார்கள். ஆனால் 1930-களில் பாரிஸிலும் ஜெர்மனியிலும் கணிதத்தின் நடைபாதையே மாறிக்கொண்டிருந்தது. வடிவியல், இடவியல், இயற்கணிதம் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு புதிய மொழி ஒன்று உருவாகிவந்தது. அந்த மொழி கேம்பிரிட்ஜ் வழியாக மெட்ராஸுக்கு வந்துசேர வழியில்லை. கேம்பிரிட்ஜுக்கே அது அப்போது தாமதமாகத்தான் எட்டிக்கொண்டிருந்தது.

வேறு வழியாக வந்தது. மதுரை மிஷன் வழியாக.

அந்த மிஷனின் பிரெஞ்சு சேசு சபைப் பாதிரிமார்கள் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரியை 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார்கள். தலைநகரிலும் ஒரு கல்லூரி வேண்டும் என்று 1925-இல் ஃபாதர் பிரான்சிஸ் பெர்ட்ராம் நுங்கம்பாக்கத்தில் நிறுவியது லயோலா. விரைவிலேயே அது பிரசிடென்சிக்கும் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் சமமாகப் பேசப்பட்டது. 1940-களில் அதன் முதல்வராக இருந்த ஃபாதர் ஜெரோம் டிசூஸா அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக உட்கார்ந்தவர்.

இந்தப் பாதிரிமார்களில் ஒருவராக 1937-இல் இந்தியாவுக்கு வந்தவர் சார்லஸ் ரசீன். 1897-இல் பிரான்சில் பிறந்தவர். 1934-இல் பாரிஸில் முனைவர் பட்டம். ஆய்வு, பொதுச் சார்பியலில் பல பொருள்களின் இயக்கம் பற்றியது. வழிகாட்டி எலி கார்த்தான். அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வடிவியலாளர்களில் ஒருவர். எலி கார்த்தானின் மகன் ஆன்ரி கார்த்தானும், ஆந்த்ரே வெய்யும் ரசீனின் நண்பர்கள். இந்த இருவரும் வேறு சில நண்பர்களும் சேர்ந்து 1930-களின் நடுவில் நிகோலா பூர்பாகி என்ற கற்பனைப் பெயரில் கணிதம் முழுவதையும் அடித்தளத்திலிருந்து திருப்பி எழுதக் கிளம்பினார்கள். முதல் பகுதி 1939-இல் வெளிவந்தது. அதே 1939-இல்தான் ரசீன் திருச்சி செயின்ட் ஜோசப்பிலிருந்து லயோலாவுக்கு வந்தார்.

வெய்க்கும் இந்தியாவோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1930-இல், தம் 23-ஆம் வயதில், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவராக வந்து உட்கார்ந்தார். வந்தவர் மெட்ராஸ் விஜயராகவனையும், பின்னாளில் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற டி.டி. கோசாம்பியையும் தம்மோடு சேர்த்துக்கொண்டார். தென்னாட்டுக்கும் பயணம் செய்தார். துறையைத் தலைகீழாக மாற்றும் திட்டத்தோடு இருந்தவரை 1932-இன் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. விஜயராகவன் டாக்காவுக்குப் போய்விட்டார். இந்தியக் கல்வி நிலையத்தில் புதிய கணிதத்தை மேலிருந்து புகுத்தப் பார்த்த முதல் முயற்சி இரண்டே ஆண்டில் முடிந்தது. ரசீன் செய்ததை இதோடு ஒப்பிட்டால்தான் அதன் சாமர்த்தியம் புரியும். அவர் எதையும் தலைகீழாக்கவில்லை. பாடத்திட்டத்தோடு சண்டைக்கும் போகவில்லை. துறவி அவர், பதவி உயர்வும் சம்பளமும் அவருக்குப் பொருட்டில்லை, அவசரமும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெட்ராஸில் இருந்து, 1976-இல் இங்கேயே காலமானார்.

வகுப்பறையில் அவர் பெரிய சொல்வன்மைக்காரர் அல்லர் என்று அவரிடம் படித்தவர்களே நினைவுகூர்ந்திருக்கிறார்கள். பரீட்சைக்குக் குறிப்பு வாங்க வந்த மாணவனுக்கு அந்த வகுப்புகள் ஏமாற்றம் தந்திருக்கலாம். அவருடைய செல்வாக்கு வகுப்புக்கு வெளியே இருந்தது: எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும், எதைத் தள்ளிவிடலாம், இன்று உலகில் யார் எதைப் பற்றி யோசிக்கிறார்கள் என்ற தகவல்களில். கணிதம் என்பது முடிந்துபோன கணக்குகளின் தொகுப்பாக இல்லாமல் இப்போதும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் விஷயமாகத் தோன்றுவதற்கு, அதை எழுதுகிறவர்களைத் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தால் போதும். அந்த நாள் மெட்ராஸில் அப்படிப்பட்டவர் அரிது.

முதலில் பலன் பெற்றவர் எஸ். மீனாட்சிசுந்தரம். 1934-இல், அதாவது ரசீன் வருவதற்கு முன்பே, லயோலாவில் ஆனர்ஸ் முடித்தவர். ஆனந்த ராவின் பள்ளியில் தொடர்களைப் பற்றி ஆராயத் தொடங்கியவரை, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளின் பக்கம் திருப்பியதில் ரசீனுக்குப் பங்கு உண்டு. வேலை கிடைப்பதற்குள் படாத பாடு பட்டு வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 1946 முதல் இரண்டு ஆண்டுகள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் இருந்தார். ஸ்வீடன் நாட்டு ஓகே ப்ளையலுடன் சேர்ந்து 1949-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, ஒரு மேளத்தின் ஓசையிலிருந்து அதன் வடிவத்தைச் சொல்ல முடியுமா என்ற வகைக் கேள்விகளுக்கெல்லாம் பின்னால் அடிப்படை ஆயிற்று. இன்று உலகெங்கும் வடிவியல் மாணவர்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் அந்த முடிவைப் படிக்கிறார்கள். வால்டேரிலோ மெட்ராஸிலோ அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறதா என்று தேடுவது வீண் வேலை.

துறை எப்படி இயங்கியது என்று புரிய, அந்தக் காலப் படிப்பின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பள்ளி முடித்ததும் இரண்டு ஆண்டு இண்டர்மீடியட். பிறகு பிரிவு. பெரும்பாலோர் இரண்டு ஆண்டில் சாதாரண பி.ஏ.வோ பி.எஸ்ஸியோ முடித்துக் குமாஸ்தா வேலைக்கோ சட்டக் கல்லூரிக்கோ போவார்கள். தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் மூன்று ஆண்டு பி.ஏ. ஆனர்ஸ். கணிதமும் பி.ஏ.தான். ஆனர்ஸ் வகுப்பு சிறியது. ஒரே பாடத்தில் மூன்று ஆண்டு முழுகிக் கிடக்கலாம். பட்டம் வாங்கியவர் சில காலம் கழித்துக் கட்டணம் செலுத்தி எம்.ஏ. என்றும் போட்டுக்கொள்ளலாம், தனியாகப் பரீட்சை கிடையாது. இந்த ஏற்பாட்டை உயர்சாதி, மேல்தட்டு ஏற்பாடு என்று குறை சொன்னவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு, ஏனென்றால் ஆனர்ஸ் இடங்களும் சொற்பம், அவை இருந்த கல்லூரிகளும் சொற்பம். ஆனால் ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையில் வேறெந்த அமைப்பும் கொடுக்காத ஒன்றை அது கொடுத்தது: ஓய்வு. மூன்றாம் ஆண்டு முடிவுப் பரீட்சை நெருங்கும்வரை ஒரு மாணவன் பாடத்திட்டத்தில் இல்லாததைப் படித்துக்கொண்டிருக்கலாம். ரசீனின் துறை இயங்கியது அந்த ஓய்வுக்குள்தான்.

1948-இல் லயோலாவுக்கு வந்து, இண்டர்மீடியட் முடித்து அந்த ஓய்வுக்குள் நுழைந்தவர்கள்தான் சேஷாத்ரியும் எம்.எஸ். நரசிம்மனும். சேஷாத்ரி காஞ்சிபுரத்தில் பிறந்து செங்கல்பட்டில் வளர்ந்த வக்கீல் வீட்டுப் பிள்ளை. நரசிம்மன் வட ஆற்காட்டில் தண்டரை என்ற கிராமத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர். இருவரும் பிறந்தது 1932-இல். லயோலாவில் ஐந்து ஆண்டுகள் ஒன்றாகப் படித்தார்கள். அந்தச் சிநேகிதம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அவர்கள் படித்துக்கொண்டிருந்தபோதே மெட்ராஸில் இன்னொரு வாசல் திறந்தது. காரைக்குடியில் கல்லூரி கட்டிய அழகப்பச் செட்டியார், ராமானுஜனின் பெயரில் ஒரு கணித நிறுவனத்தை 1950-இன் தொடக்கத்தில் தொடங்கினார். அலிகர், டாக்கா, வால்டேர் என்று சுற்றிவந்த விஜயராகவன் அதன் இயக்குநர். ஆக்ஸ்போர்டில் ஹார்டியிடம் பயின்றவர், பண்டிதர் மகன், சம்ஸ்கிருதத்திலும் தமிழிலும் தோய்ந்தவர். பிசோ என்ற பிரெஞ்சுக்காரரின் பெயரோடு இணைத்து ஒரு வகை எண்களுக்கே அவர் பெயர் வழங்குகிறது. 1955-இல் அவர் இறந்தார். கிறிஸ்தவக் கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்திருந்த ராஜகோபால் பொறுப்பேற்றார். 1957-இல் அழகப்பரும் இறந்தபோது நிறுவனமே மூடப்படும் நிலை வந்தது. சிகாகோவிலிருந்த வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் பிரதமர் நேருவிடம் முறையிட்டார். பல்கலைக்கழகம் அதை எடுத்துக்கொண்டது. வள்ளல் ஒருவரின் ஆயுளோடு ஒரு நிறுவனத்தின் ஆயுளும் முடிந்துவிடக்கூடிய நாட்டில், சேசு சபை மாதிரி தலைமுறை தாண்டி நிற்கும் அமைப்பு ஒரு கல்லூரிக்கு என்ன தந்தது என்பதை இந்த இடத்தில் யோசித்துப் பார்க்கலாம்.

ரசீன் தம் மாணவர்களை மெட்ராஸிலேயே வைத்துக்கொண்டிருக்க முடியும். லயோலாவில் விரிவுரையாளர் வேலை, பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று ஏதாவது கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. எங்கே அனுப்புவது என்று தெரிந்து அனுப்பினார். அவர் துறையின் வரலாற்றில் மிக முக்கியமான செயல் இதுதான் என்று தோன்றுகிறது. பாடம் நடத்தியது அதற்கு அடுத்ததுதான்.

ஹோமி பாபா 1945-இல் தொடங்கிய டாடா நிறுவனத்தில் 1949 முதல் கணிதத்தைக் கவனித்துக்கொண்டவர் கே. சந்திரசேகரன், ஆனந்த ராவின் பிரசிடென்சி மாணவர், பிரின்ஸ்டனிலிருந்து வந்தவர். அவரோடு தோள்கொடுத்த கே.ஜி. ராமநாதன் லயோலாவில் எம்.ஏ. படித்தவர். நிறுவனத்துக்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லாத நாள்கள் அவை. கேட்வே ஆஃப் இந்தியா பக்கத்துப் பழைய யாட் கிளப் கட்டடத்தில் இருந்தது. கொலாபா வளாகம் 1962-இல்தான் திறக்கப்பட்டது. சந்திரசேகரன் உலகின் பெரிய கணிதவியலாளர்களை மாதக்கணக்கில் வரவழைத்து உரை நிகழ்த்தச் சொல்லுவார். அந்த உரைகளைக் குறிப்பெடுத்துப் புத்தகமாக்கும் வேலை மாணவர்களுடையது. 1955-இல், ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய லோரான் ஷ்வார்ட்ஸ் வந்து நிகழ்த்திய உரைகளுக்குக் குறிப்பு எழுதியவர் எம்.எஸ். நரசிம்மன். இருபத்துமூன்று வயதில் ஓர் இளைஞனுக்கு அதைவிடச் சிறந்த பாடம் இருந்திருக்க முடியாது.

சி.பி. ராமானுஜம் விஷயத்தில் ரசீன் எடுத்த முயற்சி பதிவாகியிருக்கிறது. ராமானுஜம் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வில் நல்ல முறையில் தேறியிருந்தார். தந்தைக்கு அவர் அங்கே போக வேண்டும் என்று ஆசை. ரசீன் பம்பாய்க்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். மதிப்பெண்களைப் பெரிதுபடுத்தாமல், சுயமாக யோசிக்கும் திறனும் ஆராய்ச்சிக்கு வேண்டிய ஆர்வமும் இந்தப் பையனிடம் இருக்கிறது, வாய்ப்புக் கொடுத்தால் நன்றாக வருவான் என்ற தொனியில் அமைந்த கடிதம் அது. மெட்ராஸ் ராங்க் பட்டியலுக்கு நேர் எதிரான அளவுகோல். ராமானுஜத்துக்கு இசையிலும் பித்து உண்டு, கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதனின் ரசிகர். ஊரெல்லாம் துரிதத்தைக் கொண்டாடும்போது விளம்ப காலத்தில் நின்று நிதானித்துப் பாடியவரைப் பிடித்துப்போனது அந்த மனத்தின் இயல்பைக் காட்டுகிறது. பம்பாயில் முதல் சில ஆண்டுகள் சோர்வும் தன்னம்பிக்கையின்மையும் அவரை வாட்டின. பிறகு எண் கோட்பாட்டில் கணிதவியலாளர் சீகல் எழுப்பியிருந்த கேள்விக்கு விடை கண்டார். முனைவர் பட்டத்துக்கு சீகலே ஒரு தேர்வாளர். கணிதவியலாளர் சாஃபாரெவிச்சின் பம்பாய் உரைகளுக்கு அவர் எழுதிய குறிப்புகள் உரையையே செம்மைப்படுத்தின என்று சாஃபாரெவிச் பாராட்டினார். மனநோயோடு நீண்ட காலம் போராடி, 1974-இல் பெங்களூரில், 36 வயதில், அவர் தம் உயிரை முடித்துக்கொண்டார்.

லயோலாவுக்கு மட்டும் இந்தப் பெருமை என்று சொன்னால் அது அநியாயம். ரமணன் மயிலாப்பூர் விவேகானந்தா கல்லூரி. 1946-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியிலிருந்து எம்.எஸ். ரகுநாதனும், நிகழ்தகவில் பெயர்பெற்ற கே.ஆர். பார்த்தசாரதியும் வந்தார்கள். வி.எஸ். வரதராஜன் பிரசிடென்சி. பிந்தைய இருவரும் கல்கத்தா புள்ளியியல் நிறுவனத்தில் தம் தலைமுறையின் நட்சத்திரங்கள் ஆனார்கள். 1950-களின் மெட்ராஸில் ஒரு மாணவன் எந்த ஆனர்ஸ் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும், பக்கத்துக் கல்லூரியில் யார் என்ன படிக்கிறார்கள் என்ற சேதி காதில் விழுந்துகொண்டே இருந்தது. இயற்பியலிலும் இதே கதை நடந்தது. அல்லாடி ராமகிருஷ்ணன் லஸ் பக்கத்திலிருந்த தம் குடும்ப வீடான ஏகாம்ர நிவாஸில் நடத்திய கருத்தரங்குகளிலிருந்துதான் 1962 ஜனவரியில் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது.

எம்.எஸ். நரசிம்மனும் சேஷாத்ரியும் 1957-இல் பாரிஸுக்குப் போனார்கள். ரசீன் முனைவர் பட்டம் பெற்ற ஊர். அங்கே நுரையீரல் உறை அழற்சியால் நரசிம்மன் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, அங்கேயே ஜப்பானியர் கோடாகேயுடன் சேர்ந்து ஒரு முடிவைக் கண்டார். சேஷாத்ரி கணிதவியலாளர் ஷெவாலேயின் வட்டத்தில் இயற்கணித வடிவியலுக்குள் போனார். ஊர் திரும்பியபின் இருவரும் ஒரு பழைய கட்டுரையைக் கையில் எடுத்தார்கள். 1938-இல் ஆந்த்ரே வெய் எழுதியது. அலிகரிலிருந்து அனுப்பப்பட்ட அதே வெய். அதிலிருந்து தொடங்கி அவர்கள் நிரூபித்த தேற்றம் 1965-இல் வெளிவந்தது. வடிவியலில் வெவ்வேறாகத் தோன்றிய இரண்டு வகைப் பொருள்கள் உண்மையில் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பது அதன் சாரம். 1983-இல் சைமன் டொனால்ட்சன் அதற்குப் புதிய நிரூபணம் கொடுத்த பிறகு இயற்பியலாளர்களும் அதைத் தம் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2006-இல் மன்னர் ஃபைசல் பரிசை டொனால்ட்சனும் நரசிம்மனும் பகிர்ந்துகொண்டார்கள்.

இதற்குள் அந்தத் துறை வளர்ந்த மண் மாறிவிட்டது. 1956-இல் இண்டர்மீடியட் போய், ஓராண்டு புகுமுக வகுப்பும் மூன்றாண்டுப் பட்டப் படிப்பும் வந்தன. அதைத் தொடர்ந்து ஆனர்ஸும் கலைந்தது. உயர்கல்வி பெரும்பான்மையோருக்கு எட்ட வேண்டும் என்ற நியாயமான நோக்கம் இருந்தது; எட்டவும் செய்தது. கூடவே சிறிய வகுப்பும் அந்த மூன்று ஆண்டு ஓய்வும் போயின. கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறியியல் கல்லூரிகள் இழுத்துக்கொண்டன. கணிதம் படிக்கப் போகிறேன் என்று சொன்ன பையனை வீட்டில் கவலையோடு பார்த்தார்கள். லயோலாவுக்குத் தன்னாட்சி 1978-இல் கிடைத்தது. சொந்தப் பாடத்திட்டம் எழுதும் உரிமை வந்தபோது ரசீன் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சேஷாத்ரி 1984-இல் மெட்ராஸ் திரும்பினார். 1989-இல் ஸ்பிக் அறக்கட்டளையின் ஆதரவில் ஒரு கணிதப் பள்ளியை உருவாக்கினார். அதுவே பின்னாளில் சென்னைக் கணிதவியல் நிறுவனம். ஆராய்ச்சி நிறுவனமாகவே அதை வைத்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்லியும், 1998-இல் இளங்கலை வகுப்பைத் தொடங்கினார். சில டஜன் மாணவர்கள், அவர்களுக்குப் பாடம் நடத்துபவர்கள் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருப்பவர்கள். பட்டம் தருவது யார் என்ற பழைய கேள்வி மறுபடி வந்தது. தமிழ்நாட்டில் எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழும் அந்தப் பாடத்திட்டத்தை நடத்த முடியவில்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி கிடைக்கும்வரை, சென்னையில் கணிதம் முடித்த அந்தப் பிள்ளைகளின் சான்றிதழ்கள் போபாலிலிருந்து, மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முத்திரையோடு வந்துகொண்டிருந்தன.